ஒன்பது கூடை கரி

நூல் ஆலையின் இன்ஜின் அறைக்குள் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். பேசக் கூடாது என்று பலகை எதுவும் தொங்கவில்லை. இன்ஜின்காரர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு மேல் பலகை தேவைப்பட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த நீராவி இன்ஜினை ஓட்டுகிறவர். ஆலை முழுக்க அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடும். கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். எண்ணெயோடு புழங்குகிற மனிதர் என்று அவர் சட்டையைப் பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. இன்ஜின் ஓடும் சத்தத்தில் இம்மி பிசகினாலும் அவர் காதுக்குத் தப்பாது என்பார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் வாசலில் நின்று, "பெரியவரே, கொஞ்சம் ஆபீசுக்கு வர்றீங்களா?" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டதும், எண்ணெய்க் குப்பியும் கையுமாக நின்றவருக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது.

ஆபீசுக்குள் போனதும் மேனேஜர் கதவைச் சாத்தினார். பெரியவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நல்ல சேதி சொன்னவர்களை அவர் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை கூடை கரி எரியணும்?"

"நாப்பத்தோரு கூடை. மழை நாள்ல ஒண்ணு கூடப் போகும்."

"நாலு மாசமா அம்பது போகுது. நூல் ஒரு கண்டு கூட அதிகம் வரல. மீதி ஒன்பது கூடைய யார் தின்னது?"

பெரியவர் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"கரிக் கொட்டகைச் சாவி யார்கிட்ட இருக்கு பெரியவரே?" என்றார் மேனேஜர், தெரியாதவர் மாதிரி.

சாவி பாய்லர்காரரிடம் இருந்தது. பாய்லர்காரர் பெரியவரின் தங்கை கணவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே மேசைக்கு முன்னால் நின்று, "இவர் எங்க வீட்டுப் பிள்ளை. இவர் மேல ஒரு சொல் வந்தா அது என் மேல வந்த சொல்" என்று வாக்குக் கொடுத்து வேலையில் சேர்த்துவிட்டவர் பெரியவர்தான். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் யாரிடமும் கைகட்டிப் பதில் சொன்னதில்லை. அவர் அப்பா சொன்னதில்லை; அவரும் சொன்னதில்லை.

"முதலாளி அடுத்த வாரக் கடைசியில வர்றார். அதுக்குள்ள தெரியலைன்னா நான் போலீசுக்கு எழுதிக் குடுத்துதான் ஆகணும்."

"போலீஸ் நம்ம வாசல் மிதிக்க வேண்டாம்" என்றார் பெரியவர். குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "எங்க ஆளு தப்புப் பண்ணியிருந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்துறேன்."

"சரி. அதுவரைக்கும் சாயங்காலம் கேட்ல ஒரு சோதனை போடச் சொல்றேன். பாய்லர் பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும்."

பெரியவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்பது பெரியவருக்கும் தெரியும்.

சந்தேகம் ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் பழைய சங்கதியெல்லாம் புது முகம் காட்டும். கொஞ்ச காலமாகவே இன்ஜினில் ஒரு சின்ன முட்டல் இருந்தது. பிஸ்டன் கடைசி வரை போய்த் திரும்பும் இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்தால்தான் அப்படி முட்டும். பெரியவர் இதைப் பற்றிப் பாய்லர்காரரிடம் இரண்டு முறை சண்டையே போட்டிருக்கிறார்.

"பாய்லர்ல தண்ணி மட்டத்த ரொம்ப ஏத்தி வெக்கிறீங்க மாப்பிள்ளை. தண்ணியும் நீராவியோட சேர்ந்து கிளம்பி வந்து என் சிலிண்டர்ல முட்டுது."

"மட்டக் கண்ணாடிய வந்து பாருங்க மச்சான். பாதிக்கு மேல ஒரு விரக்கடை ஏறியிருந்தா என் காதை அறுத்துக்கறேன். என் பாய்லர் வாயத் தொறந்தா ஆவிதான் வரும், எச்சில் வராது."

அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், மடியில் கனம் உள்ளவன் சிரித்து மழுப்பிய பேச்சாகத் தெரிந்தது. போன மாதம் அவர் ஏறி வந்த பச்சைச் சைக்கிள் ஞாபகம் வந்தது. பழைய சைக்கிள்தான், பெயிண்ட் அடித்தது என்று சொன்னார். அடித்தது பெயிண்ட்தானா?

புதனும் வியாழனும் பெரியவர் இன்ஜினைப் பார்த்ததைவிட, இன்ஜின் அறைக்கும் பாய்லர் கொட்டகைக்கும் நடுவில் இருந்த கம்பி ஜன்னலைப் பார்த்ததுதான் அதிகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினார். கொட்டகையிலிருந்து ஐம்பது கூடை வந்தது. ஐம்பது கூடையும் அடுப்பு வாய்க்குள் போனது. ஒரு கூடைகூட வழியில் இறங்கவில்லை. சாம்பல் வண்டிக்குள் கரியைப் புதைத்துக் கொண்டு போகிறார்களோ என்று ஒரு கம்பியை எடுத்து வண்டி முழுக்கக் குத்திப் பார்த்தார். சுத்தமான சாம்பல். மாவு போல் இருந்தது.

"என்ன மச்சான், சாம்பல்ல தங்கம் தேடுறீங்களா?" என்றார் பாய்லர்காரர், முதுகுப் பக்கமிருந்து. முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை.

"கம்பி வளைஞ்சிருக்கான்னு பாத்தேன்" என்றார் பெரியவர். தன் வாயிலிருந்து இப்படி ஒரு பொய் வந்ததே என்று அவருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் மாப்பிள்ளை கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

பிறகு பாய்லருக்குத் தண்ணீர் போகும் தொட்டியைப் பார்த்தார். ஒரு நாளுக்கு இவ்வளவு இறங்கும் என்று தொட்டிச் சுவரில் பழைய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. மத்தியானம் தாண்டுவதற்குள் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஆக, கரியும் எரிகிறது, தண்ணீரும் கொதித்து ஆவியாகிறது. ஆனால் அத்தனை ஆவி செய்ய வேண்டிய வேலையை இன்ஜின் செய்யவில்லை.

கரி திருடு போகவில்லை. நீராவிதான் திருடு போகிறது.

நீராவியை யார் திருடுவார்கள் என்று கேட்கலாம். குழாயில் ஓர் ஓட்டை போட்டு ஒரு கிளையை இழுத்து விட்டால் போதும். ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகள். வரிசையின் முதல் வீடு தங்கை வீடு.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பாய்லரிலிருந்து இன்ஜின் வரை குழாய் நெடுகக் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். குழாய்க்குச் சுற்றியிருந்த துணிக்கட்டு எங்கும் பிரியவில்லை. புதுக் கிளை எதுவும் இல்லை. இருந்தது ஒரே ஒரு கிளைதான். அது இன்ஜின் செய்தவர்களே வைத்தது. சிலிண்டருக்கு வெளியே இன்னொரு இரும்புக் கூடு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஆலையில் சட்டை என்று பெயர். அந்தச் சட்டைக்குள் ஓடி சிலிண்டரை வெளியிலிருந்து சூடாக வைத்திருப்பதற்கென்று பாய்லரிலிருந்து நேரே கொஞ்சம் நீராவி போகும்.

பெரியவருக்கு அந்தச் சட்டை எப்போதுமே கண்ணை உறுத்தியது. பிஸ்டனைத் தள்ளாத நீராவி என்ன நீராவி? சும்மா இரும்பைத் தடவிக்கொடுத்துவிட்டு, மணிக்கு இரண்டு வாளித் தண்ணீராகச் சொட்டிப் போகிறது. உட்கார்ந்து சாப்பிடுகிற உறவுக்காரன் மாதிரி. ஒரு நாள் அந்த வால்வை இறுக மூடி, வேறு யாரும் திறந்துவிடாதபடி வால்வுச் சக்கரத்தையும் கழற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வருஷக் கடைசியில் முதலாளியே, "கரி எப்படி மிச்சமாச்சு?" என்று கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

மூடிய வால்வில் திருடனுக்கு என்ன வேலை? அதைத் தாண்டிப் போய்விட்டார். மூடி எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தன் கையைத் தானே சோதனை போடுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

அன்று சாயங்காலம் கேட்டில் கூட்டம். நூற்புப் பகுதியிலிருந்து வெளியே வந்த ஆண்களும் பெண்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் பாய்லர்காரரின் தூக்குச்சட்டியை வாங்கினார்.

"நல்லாப் பாருங்கப்பா, சோத்துக்குள்ள கரி இருக்கப் போகுது!" என்று யாரோ ஒருவன் குரல் கொடுத்தான்.

பாய்லர்காரர் தானே மூடியைத் திறந்து காட்டினார். "அடியில கொஞ்சம் கறுப்பா ஒட்டியிருக்கு பாருங்க. அது மில் கரி இல்ல, என் வீட்டுக்காரி தீய்ச்சது. வேணும்னா எடுத்து வெச்சுக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு திரும்பியவர், பத்தடி தள்ளி நின்ற பெரியவரைப் பார்த்தார். பெரியவர் குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம், எண்ணெய் போடுகிற ஆளிடம் இன்ஜினை ஒப்படைத்துவிட்டுப் பெரியவர் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனார்.

"வாங்கண்ணே! என்ன இந்த நேரத்துல? அண்ணிக்கு உடம்பு கிடம்பு..."

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஒரு காலை வைத்தார். கால் சறுக்கியது. கதவு நிலையைப் பிடித்திராவிட்டால் அவ்வளவு மரியாதையும் தரையில் கிடந்திருக்கும்.

"ஐயோ, பாத்துண்ணே! இப்பதான் தரை கழுவினேன். வழுக்கும்."

"எண்ணெய ஊத்தியா கழுவின?"

"எண்ணெய்க்கு நான் எங்க போறது? அந்தத் தண்ணி அப்படித்தான்."

பெரியவர் குனிந்து தரையை ஒரு விரலால் துடைத்து மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு நன்றாகத் தெரிந்த வாடை. சிலிண்டருக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய், கொழுப்பு கலந்தது. அந்த டப்பா அவர் அலமாரியில், அவர் பூட்டுக்குள் இருப்பது. நீராவி போதாதென்று எண்ணெயுமா?

சுவரோரம் நான்கு வாளிகள் வரிசையாக இருந்தன. நான்கிலும் வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. அடுப்பில் நெருப்பே இல்லை.

"இந்த வெந்நீர் ஏது?"

தங்கை முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி பெரியவருக்குப் போதுமாக இருந்தது.

"சுவருக்குப் பின்னாடி, மில்லு தண்ணி விழற வாய்க்கால்ல பிடிச்சதுண்ணே. நான் மட்டுமா? தெருப் பொம்பளைங்க எல்லாரும்தான் முறை போட்டுப் பிடிக்கிறோம். மேனேஜர் காதுல போட்டுடாதீங்க. அடைச்சு வெச்சிடுவார்."

"எத்தனை நாளா வருது?"

"முன்னாடியும் சொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு நாலு மாசமா வாளி வாளியாக் கொட்டுது. மேல எண்ணெய் மிதக்கும், அதை வழிச்சுத் தள்ளிடணும். ஆனா சோப்பு போட்டா நுரை அள்ளுதுண்ணே! கிணத்துத் தண்ணியில அப்படி வராது."

நாலு மாசம். மேனேஜர் சொன்ன அதே நாலு மாசம்.

"உன் வீட்டுக்காரர் எந்த வால்வைத் தொறந்து விடுறார்?"

அவள் கையிலிருந்த துடைப்பம் நின்றது. அண்ணன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நேத்துக் கேட்ல இவர் தூக்குச்சட்டியத் தொறந்து காட்டச் சொன்னாங்களே, அது உங்க வேலையா?"

பெரியவர் வாளியில் பறந்த ஆவியைப் பார்த்தார்.

"ராத்திரி சோத்தை அளைஞ்சிட்டு எழுந்துட்டார். என்னன்னு கேட்டா சிரிக்கிறார். மேனேஜர்தான் ஏதோ பண்றார், எங்கண்ணன் இருக்கார், பாத்துக்குவார்னு நான் சொன்னேன்..."

வாசலில் நிழல் விழுந்தது. பாய்லர்காரர் சாப்பிட வந்திருந்தார்.

"அட, மச்சான்! வாங்க வாங்க. நின்னுக்கிட்டே..."

"உங்களுக்குத் திருட்டுப் பட்டம் கட்ட வந்திருக்கார்" என்றாள் தங்கை. "வாய்க்கால் தண்ணி நீங்க தொறந்து விட்டதாம்."

பாய்லர்காரர் முகத்தில் சிரிப்பு அணைந்துபோனது. எட்டு வருஷத்தில் சிரிப்பில்லாத அந்த முகத்தைப் பெரியவர் அன்றுதான் பார்த்தார். மாப்பிள்ளை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாளியருகே உட்கார்ந்தார். ஒரு விரலை முக்கி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"எண்ணெய் மச்சான். என் பாய்லர்ல ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தா தகடு கெட்டுடும். அதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். எண்ணெய் ஊத்துறது உங்க பக்கம். இந்தத் தண்ணி உங்க சிலிண்டருக்குள்ள போய்ட்டுத்தான் வந்திருக்கு."

"போனா? பாய்லர்லேருந்தே தண்ணியா கிளம்பி வந்திருக்கும். அதான் முட்டுது முட்டுதுன்னு நான் தலையால அடிச்சுக்கறேனே!"

"அப்படியா? என் பாய்லர் தண்ணியில உப்புப் படியாம இருக்கச் சோடா போடறோம். நாக்குல வெச்சா கரிக்கும், குமட்டும். இத வாயில விட்டுப் பாருங்க."

"நானா?"

"நான் குடிச்சுட்டுச் சொன்னா நம்புவீங்களா?"

பெரியவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த வழுக்குத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாளி மேல் குனிந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். மறுபடி படிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்ணெய்ப் படலத்தை ஊதி விலக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டார்.

கரிக்கவில்லை. எண்ணெய் வாடை லேசாக இருந்தது. மற்றபடி மழைத் தண்ணீர் மாதிரி ஒரு ருசியும் இல்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தார். சோடா இல்லையென்றால் இது பாய்லரை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் இல்லை, சுத்தமான நீராவி. எண்ணெய் இருக்கிறது என்றால் சிலிண்டருக்குள் போய் வந்திருக்கிறது. ஆவியாக உள்ளே போனது தண்ணீராக வெளியே வந்திருக்கிறது. சோப்பு நுரைப்பதும் அதனால்தான்.

நெற்றியில் இருந்த கண்ணாடியிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. கண்ணாடி ஆறியிருந்தது; அதனால் ஆவி அதன் மேல் தண்ணீராகப் படிந்தது. துடைத்தாலும் மறுபடி படிந்தது. இரும்பு மட்டும் வேறு விதமாகவா நடந்துகொள்ளும்? ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆவி விரிந்து, சூடு குறைந்து, வெளியே போகிறது. போகும்போது சிலிண்டர் சுவரின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. பின்னாலேயே வரும் புது ஆவி அந்த ஆறின இரும்பில் பட்டதும் அதில் ஒரு பங்கு தண்ணீராகிவிடுகிறது. தண்ணீர் பிஸ்டனைத் தள்ளாது. தள்ளாததற்கும் சேர்த்துக் கரி எரிகிறது. நிமிஷத்துக்கு எழுபது சுற்று. ஒரு சுற்றில் இரண்டு பக்கமும் ஆவி நுழைகிறது. நாலு மாசம்.

இரும்பு ஆறிவிடாமல் இருக்கத்தான் அதற்கு ஒரு சட்டை போட்டிருந்தார்கள். அதைக் கழற்றியது யார் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

பெரியவர் எழுந்தார். "நான் வர்றேன்" என்றார்.

"ஒண்ணும் சொல்லாமலே போறீங்களேண்ணே?"

"சரிபாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்."

"சொல்லிட்டு இந்த வீட்டுக்கு வாங்க" என்றாள் தங்கை. "அதுவரைக்கும் வராதீங்க."

திங்கட்கிழமை இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் அலமாரியைத் திறந்து வால்வுச் சக்கரத்தை எடுத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். மாட்டித் திருகினார். சட்டைக்குள் ஆவி புகுந்து, இரும்பு சூடேறும் சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்டன. அரை மணி பொறுத்து ஓட்டினார். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் 'டொக்' நின்றுவிட்டது. அன்றைக்கு நாற்பத்து நான்கு கூடை. செவ்வாய் நாற்பத்திரண்டு. புதன் நாற்பத்தொன்று. சட்டையிலிருந்து பழையபடி மணிக்கு இரண்டு வாளி சொட்டியது. அந்த இரண்டு வாளிக்கு ஆசைப்பட்டு எத்தனை வாளியை வாய்க்காலில் விட்டோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இருந்தும் மூன்று நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. நன்றாகச் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. சாயங்காலம் ஒவ்வொன்றிலும் கேட்டில் தூக்குச்சட்டியின் மூடி திறந்தது. பாய்லர்காரர் இப்போது வேடிக்கையாக எதுவும் சொல்வதில்லை. நீட்டுவார், வாங்குவார், போவார். பெரியவரைப் பார்ப்பதும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி கதவைச் சாத்தினார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா பெரியவரே? கேட்ல சோதனை போட்டதும் கரி தானாக் குறைஞ்சிடுச்சு! பயம் வந்துட்டா கை நீளாது."

பெரியவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது: அவர் திறந்த வால்வே மாப்பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"போலீசுக்கெல்லாம் போக வேண்டாம். உங்க முகத்துக்காக விட்டுடறேன். ஆனா அந்த ஆளை இனி வெச்சுக்க முடியாது. இந்த மாசத்தோட தானா நின்னுக்கட்டும். வெளியில ஒண்ணும் தெரியாது, உங்க பேருக்கு ஒரு கீறல் விழாது."

உங்க பேர். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் அவர் பத்து நாளாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அது அலுங்காமல் நலுங்காமல் அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் பேசாமல் இருந்தால் போதும். போன வாரமும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்.

"சாயங்காலம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. இன்ஜின் நின்றதும் பெரியவர் வால்வைத் திறந்தபடியே விட்டு, சக்கரத்தை மட்டும் கழற்றித் துணியால் துடைத்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கழுத்துப் பித்தானைச் சரிபார்த்தார். கேட்டுக்குப் போய், பாய்லர் ஆட்களின் வரிசையில், மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றார்.

வாட்ச்மேன் பதறினார். "பெரியவரே, உங்களுக்கு இல்லைங்க. நீங்க போங்க."

"எனக்கும் உண்டு. பையத் தொறந்து பாரு."

"ஐயோ, நான் எப்படிங்க..."

"பாருன்னா பாரு!"

வாட்ச்மேன் இரண்டு விரலால் பையை விரித்தார். உள்ளே கை விட்டவர் இரும்புச் சக்கரத்தோடு எடுத்தார். வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்களைப் பார்த்து உள்ளிருந்தவர்களும் வந்தார்கள்.

"என்னங்க இது?"

"ஒன்பது கூடை கரியத் தின்னது இதுதான்" என்றார் பெரியவர். இருபத்தாறு வருஷத்தில் அவர் குரல் அத்தனை உரக்க எழுந்ததை அந்த ஆலை கேட்டதில்லை. "சிலிண்டரைச் சூடா வெச்சிருக்கிற வால்வோட சக்கரம். நாலு மாசத்துக்கு முன்னாடி மூடிக் கழட்டினது நான். யாரையும் கேக்கல. மிச்சம் பிடிக்கறேன்னு நெனச்சேன். உள்ள இரும்பு ஆறிப்போயி, போற ஆவியில ஒரு பங்கு தண்ணியாகி வாய்க்காலுக்குப் போச்சு. அதுக்குக் கரி எரிஞ்சது. திங்கக்கிழமை நான் வால்வைத் தொறந்தேன், கரி குறைஞ்சது. இந்தச் சோதனையால குறையல."

மேனேஜர் ஆபீஸ் படியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார்.

"பெரியவரே, என்ன இது, இதை உள்ள வெச்சுப் பேசியிருக்கலாமே!"

"உள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினதாலதான் சார் இவ்வளவும். இவர் எங்க வீட்டுப் பிள்ளை, இவர் மேல வர்ற சொல் என் மேல வந்த சொல்னு உங்ககிட்ட சொன்னேன். சொல் வந்தப்ப நான் நிக்கல. சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான். சாம்பல் வண்டியக் குத்திப் பாத்தேன். வேலையிலேருந்து நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க."

மேனேஜர் சக்கரத்தையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள நிறுத்திட்டு யாரை வெச்சு ஓட்டறது?" என்று முணுமுணுத்தார். பிறகு வாட்ச்மேனிடம், "நாளையிலேருந்து சோதனை வேண்டாம்" என்றார்.

பாய்லர்காரர் தன் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு வாட்ச்மேனிடம் திரும்பி, "அப்ப இனிமே இதை யாரும் தொறந்து பாக்க மாட்டீங்களா?" என்றார். "நாலு பேர் பாக்கறாங்கன்னு எங்க வீட்ல வாரம் பூரா பளபளன்னு தேச்சு அனுப்பினாங்க. இனி பழையபடி தீய்ஞ்சதுதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் பெரியவரைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார். ஏறவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தார். பச்சைப் பெயிண்ட் பின்சக்கரத்தருகே உரிந்து, பழைய கறுப்பு வெளியே தெரிந்தது. பெரியவர் மூன்றடி பின்னால் நடந்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு வரிசை வீடுகள் வரை அப்படியே போனார்கள். வாசலுக்கு வந்ததும் பாய்லர்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "உங்கண்ணன் வந்திருக்கார்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மச்சான் என்று சொல்லவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் ஆகும் என்று பெரியவருக்குத் தெரிந்தது.

தங்கை ஈரக்கையோடு வந்தாள். கேட்டில் நடந்த சேதி அவர்களுக்கு முன்பே ஓடி வந்து சேர்ந்திருந்தது. அண்ணன் வாசற்படிக்கு வெளியே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். படி ஏறவில்லை.

"சொல்லிட்டேன்" என்றார்.

"கேள்விப்பட்டேன்." அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மூணு நாளா வாய்க்கால் வத்திப்போச்சு. யார் வேலைன்னு இந்நேரம் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். நாளைக்கு எல்லாரும் உங்களத்தான் திட்டப் போறாங்க."

"திட்டட்டும்."

அவள் கொஞ்சம் விலகி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க. பயப்படாம கால வைங்க, இன்னிக்குத் தரை வழுக்காது."